வெளிக்குப் போகவில்லை என்றால்: ராமநாதபுரம் கடலோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

காய்ச்சல், சளி என்றால் மருந்துக்கடை வாசலில் நின்றபடியே சத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். மலச்சிக்கலுக்கு மட்டும் கூட்டம் கலையும்வரை ஓரமாக நிற்கிறார்கள். கடைசியில் கிட்டே வந்து, "அண்ணே, நாலு நாளா வெளிக்குப் போகல. வயித்தச் சுத்தம் பண்ண ஏதாச்சும் குடுங்க" என்பார்கள். ஒரு மாத்திரை கொடுத்தால் மறுநாள் காலை போய்விடும். கொஞ்ச நாளில் அதே ஆள் அதே ஓரத்தில் வந்து நிற்பார்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் தொடங்கி கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் இந்தக் கரையில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற காரணம் ஒன்று உண்டு. வந்த உணர்வை அடக்குவதுதான் அது. படகில் கழிப்பிடம் கிடையாது. பாசி எடுக்கக் கடலில் இறங்குகிற பெண்களுக்கும் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கும் ஒதுங்க மறைவு கிடையாது. அடக்கி அடக்கிச் சேர்ந்த சிக்கலுக்கு மாதாமாதம் பேதி மருந்து குடித்துக்கொண்டே இருந்தால் தீராது. இந்தத் தொந்தரவு புதிதாக வந்திருப்பவர்கள் எதை முதலில் செய்யலாம், எதை அடுத்துச் செய்யலாம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், இது மலச்சிக்கல்தானா?

தினமும் போகாவிட்டால் நோய் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு நாளைக்கு 3 முறை போகிறவரும் நலமாக இருக்கலாம், வாரத்துக்கு 3 முறை போகிறவரும் நலமாக இருக்கலாம். மலம் இளக்கமாக, சிரமமில்லாமல் வந்தால் கவலை வேண்டாம். வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாகப் போவது, கெட்டியாக வருவது, முக்க வேண்டியிருப்பது, போய்விட்டு வந்த பிறகும் பாக்கி நிற்பதாகத் தோன்றுவது, விரலால் எடுத்துவிட வேண்டிய நிலை வருவது என்று இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் அது மலச்சிக்கல். தினமும் போகிறவருக்கும் இது இருக்கலாம். அரை மணி நேரம் முக்கி இரண்டு உருண்டை போகிறவர் "நான் தினமும் போகிறேனே" என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

மலத்தின் தோற்றத்தைப் பார்க்க அருவருப்புப் படாதீர்கள். 1997-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் லூயிஸும் ஹீட்டனும் மலத்தின் வடிவத்தை 7 வகையாகப் பிரித்து ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். இன்றும் மருத்துவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆட்டுப் புழுக்கை என்று நாம் சொல்கிற தனித்தனி உருண்டை முதல் வகை. உருண்டைகள் ஒட்டிக் கட்டியாக நீளமாக வருவது இரண்டாவது. இவை இரண்டும் மலச்சிக்கல். மேலே லேசான வெடிப்போடு நீளமாக வருவது மூன்றாவது, வழவழப்பாக மென்மையாக வருவது நான்காவது. நாம் போய்ச் சேர வேண்டிய இடம் இந்த இரண்டும்தான். ஐந்துக்கு மேலே போகப் போக இளக்கம் கூடி, ஏழாவது முழுத் தண்ணீர்.

உள்ளே நடப்பது இதுதான். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். சிறுகுடலிலிருந்து நாளொன்றுக்கு 1 முதல் 1.5 லிட்டர் நீர்மமாக அதற்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சிக்கொண்டு, 100 முதல் 200 மில்லி வரைதான் மலத்தோடு வெளியே விடும். உப்பளப் பாத்தியில் தண்ணீர் நிற்க நிற்க வற்றி உப்பு இறுகுகிறதே, அதுபோல மலம் குடலில் எத்தனை நேரம் தங்குகிறதோ அத்தனைக்கு இறுகும். காலையில் வந்த உணர்வை மாலைவரை தள்ளிப்போட்டால் கட்டியாவது இதனால்தான். தள்ளிப்போடுவதே பழக்கமானால் மலக்குடல் விரிந்து கொடுத்து, உணர்வு வருவதே குறைந்துபோகும்.

வீட்டு வைத்தியத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கீழே சொல்பவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையின் மீதியைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள்.

வயிறு உப்பி வலித்து, வாந்தி வந்து, மலமும் போகாமல் வாயுவும் பிரியாமல் நின்றுவிட்டால் குடல் அடைப்பாக இருக்கலாம். பேதி மாத்திரை, விளக்கெண்ணெய், எனிமா எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். முதுகுவலியோடு கால் மரத்து, சிறுநீரும் மலமும் திடீரென்று நின்றுபோனால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

மலத்தில் ரத்தம், தார் நிறத்தில் பிசுபிசுப்பான கறுப்பு மலம், காரணம் தெரியாமல் எடை குறைவது, ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், 45, 50 வயதுக்கு மேல் முதல்முறையாகப் பழக்கம் மாறுவது ஆகிய எல்லாவற்றுக்கும் பரிசோதனை வேண்டும். ரத்தம் வந்தால் "அது மூலம்தான்" என்று தாமே முடிவு கட்டி வருடக்கணக்கில் மூலத்துக்குக் களிம்பு போடுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. பெரும்பாலும் மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். ஆனால் குடல் புற்றுநோயும் ரத்தமாகத்தான் தொடங்கலாம், வெளியிலிருந்து பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுப்பது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிச் சொன்னால் போதும்.

ஒரு வாரம் எழுதி வையுங்கள்

காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதினாலும் போதும். எந்த நேரத்தில் போனீர்கள், எந்த வகை, முக்க வேண்டியிருந்ததா, உணர்வு வந்து அடக்கினீர்களா, எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தீர்கள், காய் கீரை பழம் என்ன சாப்பிட்டீர்கள் என்று குறியுங்கள். அந்த "அடக்கினீர்களா" என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாரக் கடைசியில் பார்த்தால் காரணம் பாதிப் பேருக்குத் தாளிலேயே தெரிந்துவிடும்.

மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

புதிதாக வந்த மலச்சிக்கலுக்கு, சமீபத்தில் தொடங்கிய மருந்து காரணமாக இருப்பது மிகவும் சாதாரணம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், அலுமினியம் சேர்ந்த அமிலக் குறைப்பு மருந்துகள், டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகள், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வெராபமில், சளி அரிப்புக்குச் சாப்பிடும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் எல்லாம் குடலை மெதுவாக்கவோ மலத்தை இறுக்கவோ செய்யும்.

ஏர்வாடியில் தங்கி மனநல சிகிச்சை எடுக்கிறவர்களின் உறவினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. க்ளோசபின், ட்ரைஹெக்சிபெனிடில் போன்ற மருந்துகள் கடுமையான மலச்சிக்கலைத் தரலாம், நோயாளி அதைத் தானாக வாய்விட்டுச் சொல்லாமலும் இருக்கலாம். க்ளோசபின் சாப்பிடுகிறவருக்கு இது உயிராபத்து வரைக்கும் போகக்கூடியது. அவர் வெளிக்குப் போகிறாரா என்று நீங்கள்தான் கேட்டுக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் போகவில்லை என்றாலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. "இந்த மாத்திரைக்குப் பிறகுதான் இப்படி ஆச்சு" என்று சொன்னால் மருத்துவர் அளவை மாற்றுவார், வேறு மருந்து தருவார், அல்லது கூடவே மலமிளக்கி எழுதுவார். தைராய்டு குறைவு, பல வருடச் சர்க்கரை, பார்க்கின்சன் நோய், பக்கவாதம் ஆகியவையும் மலச்சிக்கலைக் கொண்டுவரும்.

அடக்காமல் இருக்க வழி பண்ணுவது

இதுதான் இந்தக் கரையில் கடினமான படி. மற்ற ஊர்க்காரர்களுக்கு "உணர்வு வந்தால் உடனே போங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

உடம்புக்கு ஒரு கணக்கு உண்டு. வயிற்றில் உணவோ சூடான பானமோ விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். தூங்கி எழுந்த பிறகு அந்த அசைவு நன்றாக வேலை செய்யும். ஆகவே வெளிக்குப் போக ஏற்ற நேரம், எழுந்து ஏதாவது குடித்து அல்லது சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள். விடியுமுன் வல்லம் என்கிற நாட்டுப்படகில் கிளம்புகிறவர் எழுந்ததும் ஓடினால் இந்த நேரம் கடலில் போய்விடுகிறது. அரை மணி நேரம் முன்னால் எழுந்து ஒரு டம்ளர் வெந்நீரோ கஞ்சியோ குடித்து, உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் வாரம் ஒன்றும் வராமல் போகலாம். குடல் நேரத்தைப் பழகிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் ஆகும்.

காலையில் போய் மறுநாள் திரும்புகிற விசைப்படகுகளில் இது போதாது. பின்பக்கம் கயிற்றைப் பிடித்துத் தொங்கி உட்காருவது உயிருக்கு ஆபத்து, இரவில் அப்படி விழுந்தால் யாருக்கும் தெரியாது. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியும் மறைப்புக்கு ஒரு தார்ப்பாய்த் துண்டும் படகில் இடத்தை அடைக்காது. கரைக்கு வந்து கழிப்பறையில் கொட்டிக் கழுவிவிடலாம். படகுக்காரர்கள் கூடிப் பேசினால் நடக்கிற காரியம் இது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். பழக்கத்தைத் திருத்த வருடத்தில் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

பாசி எடுக்கிற அக்காமார்களின் நிலை வேறு. மணிக்கணக்கில் நீரில் நிற்கிறார்கள். ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல் போகிறார்கள். மலச்சிக்கலோடு நீர்க்கடுப்பும் சேர்ந்து வருகிறது. இதில் பாதியை உடம்பு சரிசெய்யும், மீதியை ஊராட்சிதான் சரிசெய்ய வேண்டும். கரையேறும் இடத்தில் தண்ணீரோடு ஒரு கழிப்பறை கேட்டுக் கிராமசபையில் மனுக் கொடுப்பதையும் இந்தச் சிகிச்சையின் ஒரு படியாகவே நான் சொல்வேன். அதுவரைக்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னான நேரத்தைப் பழக்கப்படுத்திக்கொள்ளலாம். காலைதான் ஏற்றது என்றாலும் எந்த உணவுக்குப் பிறகும் குடல் அசையும். நேரம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

உட்காரும் விதத்திலும் கவனம் வேண்டும். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை வளைத்துப் பிடித்திருக்கிறது. குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் அந்த வளைவு நேராகி வழி திறக்கும். பழைய இந்தியக் கழிப்பறை இதற்கு நல்லது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் புது வீடுகளில் மேற்கத்தியக் கழிப்பறைதான் இருக்கிறது. அதில் உட்காரும்போது காலுக்கடியில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மணைப்பலகை போட்டு, முழங்கால் இடுப்பைவிட மேலே வரும்படி வைத்து, முன்னால் சாய்ந்துகொள்ளுங்கள். மூச்சைப் பிடித்து முக்காதீர்கள். இதய நோயாளிகளுக்கு அதுவே மயக்கம் தரும். வயிற்றைத் தளர்த்தி, வாயைத் திறந்து மூச்சு விடுங்கள். செல்போனை வெளியில் வைத்துவிட்டுப் போங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பீடி பற்ற வைத்தால்தான் வரும் என்கிறவர்களுக்கு: நிகோடின் குடலைத் தூண்டுவது உண்மை. வெந்நீரும் காலை உணவும் அதே வேலையைச் செய்யும், கொஞ்சம் பொறுமை வேண்டும். புகையிலையை விட்ட புதிதில் சில வாரம் மலம் இறுகலாம், பிறகு சரியாகும்.

தண்ணீர்

நம் கரையில் தண்ணீர் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற பொருள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொள்ளுகிற ஊர்களும் இருக்கின்றன. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதால் பலர் தாகம் தீரும் அளவுக்குக் குடிப்பதில்லை.

தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் மலச்சிக்கல் தீராது, உபரி நீர் சிறுநீராகப் போய்விடும். ஆனால் நீர் வற்றிய உடம்புக்கு மலம் கட்டாயம் இறுகும். வெயிலில் உப்பு வாருகிறவரும், வலை இழுக்கிறவரும், கருவாடு காயப்போடுகிறவரும் இந்த வகை. சாதாரணமாக 2 முதல் 2.5 லிட்டர், வெயில் வேலைக்கு அதற்கு மேலும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு, அடர் மஞ்சளாக இருந்தால் பற்றவில்லை. நீராகாரம், மோர், இளநீர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். வயிறு இளகும் என்று உப்பைக் கரைத்துக் குடிப்பதையும் கடல் தண்ணீர் குடிப்பதையும் யாரும் செய்யாதீர்கள். உடம்பில் உள்ள நீரையும் அது இழுத்துக்கொண்டு போகும், ரத்த அழுத்தக்காரர்களுக்குக் கேடு.

நோன்பு மாதத்தில் தண்ணீரை நோன்பு திறந்ததிலிருந்து சஹர் (விடியுமுன் சாப்பிடுகிற உணவு) வரைக்கும் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். திறக்கும்போது பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் நல்ல தொடக்கம். அதற்குப் பிறகு வடை, சமோசா, பரோட்டா என்றே முடித்துவிடாமல் ஒரு கிண்ணம் பழமோ காயோ சேருங்கள்.

சாப்பாடு

"மீன் சாப்பிட்டா மலம் கட்டுது" என்று சொல்கிறவர்கள் உண்டு. மீனின் மேல் குற்றமில்லை. சூடை, நகரை, பாறை எந்த மீனிலும் நார்ச்சத்து கிடையாது, அவ்வளவுதான். வெள்ளைச் சோற்றிலும் மிகக் குறைவு. இரண்டையும் வயிறு நிறையச் சாப்பிட்டால் மலத்துக்குப் பருமன் கொடுக்க எதுவும் மிஞ்சாது. மீன்குழம்பை விட வேண்டாம். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் காயை வையுங்கள்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். சமைக்காத நிலையில் 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் தீட்டிய அரிசியில் சுமார் 3 கிராம், கேழ்வரகில் 11, முழுப் பாசிப்பயறில் 17, கறுப்புக் கொண்டைக்கடலையில் 25, முருங்கைக்கீரையில் 8, கொய்யாவில் 8 கிராமுக்கு மேல். நம் பகுதியில் முருங்கை வேலியோரத்திலேயே நிற்கிறது. கீரைகளில் அதை மிஞ்ச எனக்கு வேறு தெரியாது.

காலையில் கேழ்வரகுக் கூழோ புட்டோ, பதினோரு மணிக்கு ஒரு கொய்யா, மதியம் மீன்குழம்போடு இரண்டு கைப்பிடி கொத்தவரையோ அவரையோ கீரையோ, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், இரவு சோற்றுக்குப் பதில் கம்பு தோசையோ கோதுமைச் சப்பாத்தியோ கூட்டோடு என்று மாற்றினாலே 30 கிராமை நெருங்கிவிடலாம். தை மாசியில் பனங்கிழங்கு வருகிறது. சாயல்குடி, கடலாடிப் பக்கம் வண்டி வண்டியாக வரும் அந்தக் கிழங்கு நல்ல நார்ச்சத்து. கூடவே தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது. நுங்கு நீர் கொடுக்கும், நார் அதிகம் கொடுக்காது. பதநீரில் சர்க்கரை உண்டு, நீரிழிவுக்காரர்கள் கவனம். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஓரளவு உதவும். படுக்கும்போது ஒரு பழம் தின்றுவிட்டு மற்ற நேரமெல்லாம் பரோட்டா தின்றால் பழம் மட்டும் என்ன செய்யும்?

ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். அதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

நடப்பது, வேலை செய்வது குடலுக்கு நல்லது. கடல் வேலை செய்கிறவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை. வலைக்கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களும் கடையில் உட்காருகிறவர்களும் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நடக்கலாம்.

மருந்து தேவைப்பட்டால், எந்த வரிசையில்

மேலே சொன்னவற்றை இரண்டு மூன்று வாரம் செய்தும் தீராவிட்டால் மருந்து எடுப்பதில் தவறே இல்லை. வரிசை மாறக் கூடாது.

முதலில் இசப்கோல் உமி. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே தொண்டையிலோ குடலிலோ அடைக்கும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

அடுத்து, குடலுக்குள் நீரை இழுத்து வைத்து மலத்தை இளக்குகிற மருந்துகள். லாக்டுலோஸ் பாகு 15 முதல் 30 மில்லி, அல்லது பாலிஎத்திலீன் கிளைகால் தூள் 17 கிராம் ஒரு டம்ளர் தண்ணீரில். இவை வேலை செய்ய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று அளவை இரட்டிப்பாக்காதீர்கள். லாக்டுலோஸில் கொஞ்சம் வாயு சேரும். மக்னீசியம் கலந்த, பால் போல வெள்ளையாக இருக்கிற மருந்துகள் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது.

மூன்றாவதாகத்தான் குடலைத் தூண்டுகிற மருந்துகள். பிசகோடில் 5 அல்லது 10 மில்லிகிராம் இரவில் எடுத்தால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். மாத்திரையைக் கடிக்கக் கூடாது, பாலோடு விழுங்கக் கூடாது. இரவு மாத்திரை போட்டுவிட்டு விடியுமுன் கடலுக்குப் போனால் நடுக்கடலில் வயிறு கலக்கும், கரையில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போடுங்கள்.

நிலாவாரையும் இந்த மூன்றாம் வகைதான். நம் மாவட்டத்து மானாவாரி நிலத்திலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் விளைந்து உலகம் முழுக்க ஏற்றுமதியாகிற இலை அது. அதிலுள்ள சென்னோசைடு என்ற பொருளைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் மாற்றியதும் குடல் சுருங்கத் தொடங்கும். வயிற்றைச் சுத்தம் செய்யும் சூரணம் என்று விற்பவை பலவற்றில் இந்த இலைதான் இருக்கிறது. மூலிகைதானே என்று தினமும் கரண்டி கரண்டியாகச் சாப்பிடுகிறவர்கள், தாம் தினமும் பேதி மருந்து சாப்பிடுவதை அறிந்திருப்பதில்லை. அவசரத்துக்கு எடுக்கலாம். நாள்கணக்கில் எடுப்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

விளக்கெண்ணெய் குடித்துப் பேதியாவது பழைய வழக்கம். வயிற்றை முறுக்கி, உடம்பின் நீரையும் உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். வெயில் காலத்தில் முதியவருக்கும் சிறு பிள்ளைக்கும் அது ஆபத்து. எனக்கு அந்த வழக்கத்தில் உடன்பாடு இல்லை.

மலம் வாசலில் வந்து கல்லாக நின்றுவிட்டால் வாய்வழி மருந்தைவிட, ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் அல்லது பிசகோடில் குளிகை உதவும். ஒரு மணி நேரத்துக்குள் பலன் தெரியும். எனிமாவை வீட்டில் முயலாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் விடுங்கள். பாஸ்பேட் எனிமா முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் கெடுதல் செய்யலாம். வெடிப்பும் எரிச்சலும் இருந்தால் அகலமான தொட்டியில் இளஞ்சூடான வெறும் தண்ணீர் ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருவது நல்ல ஆறுதல் தரும்.

கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள்

கர்ப்பத்தில் ஹார்மோன் குடலை மெதுவாக்கும், கூடவே இரும்புச்சத்து மாத்திரை சேரும். மாத்திரையை நிறுத்தி ரத்தசோகையை வாங்கிக்கொள்ள வேண்டாம். காய், பழம், தண்ணீர், தேவைப்பட்டால் இசப்கோல், அதற்கும் மேல் மருத்துவர் தரும் லாக்டுலோஸ் போதும். விளக்கெண்ணெய் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யலாம், தொடவே கூடாது. பாட்டி சொன்னாலும் கூடாது.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை சில நாள் போகாமல் இருந்து இளக்கமாகப் போனால் அது இயல்பு. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தையை உடனே காட்ட வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்காதீர்கள், பாட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வரலாம். வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைப்பதும் வேண்டாம், மென்மையான தோல் கிழியும்.

பெரிய பிள்ளைகள் ஒருமுறை வலித்தால் அடுத்தமுறை அடக்குவார்கள். பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லாவிட்டாலும் அடக்குவார்கள். நாளடைவில் கெட்டி மலத்தைச் சுற்றித் தண்ணீராக ஒழுகி ஜட்டியில் கறை படியும். பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை, அடிக்காதீர்கள். பேதி என்று நினைத்து பேதி நிறுத்தும் மருந்தும் கொடுக்காதீர்கள். மருத்துவர் தரும் மலமிளக்கியைச் சில மாதம் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

படுக்கையில் இருக்கும் முதியவருக்கும் இதே ஒழுகல் வரும். அவர் திடீரென்று சாப்பாட்டை மறுத்தாலோ குழம்பிப் பேசினாலோ கடைசியாக எப்போது போனார் என்று முதலில் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

அந்த ஒரு வாரத் தாளையும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் சூரண டப்பாவையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார், உறையிட்ட விரலால் ஆசனவாய்க்குள் பரிசோதிப்பார். ஒரு நிமிட வேலை, பெரிதாக வலிக்காது, பல விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், கூட ஒரு செவிலியர் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். ரத்த அணு, சர்க்கரை, தைராய்டு, கால்சியம் பரிசோதனைகள் எழுதக்கூடும். எச்சரிக்கை அறிகுறி இருந்தால் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ அனுப்புவார்கள். சிலருக்கு முக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்ளும், அவர்களுக்கு மருந்தைவிடத் தசைப்பயிற்சி நன்றாகக் கேட்கும். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.